முள் எப்போது ஏறியது?

பௌர்ணமிதோறும் சென்னையிலிருந்து கிரிவலத்துக்குப் புறப்படும் கார்களில் பெரும்பகுதி திண்டிவனத்தில் திருச்சி நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, செஞ்சி வழியாகத்தான் திருவண்ணாமலைக்குப் போகிறது. அமாவாசை இரவில் கூட்டம் மேல்மலையனூர்ப் பக்கம் திரும்பும். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம். ஆக, மாதத்தில் இரண்டு முறை செஞ்சி என்ற இந்தக் கோட்டை ஊரை ஊர்ந்துதான் கடக்க வேண்டும். அறுவடைக் காலமானால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றிவரும் டிராக்டர்களும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளும். சித்திரை வெயிலில், ஏசி ஓட, முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு நிற்கிற காரில், டேஷ்போர்டின் வெப்பநிலை முள் நடுவிலிருந்து மெல்ல மேலே ஏறினால் ஓட்டுகிறவருக்கு வயிற்றைக் கலக்கும்.

பழியை உடனே வெயில்மேல் போட்டுவிடுகிறோம். வெயில் குற்றவாளி அல்ல. நம் நாட்டில் விற்கப்படும் கார் 45 டிகிரியிலும் ஏசியோடு நிற்கவும் ஓடவும் தகுந்தபடிதான் வடிவமைக்கப்படுகிறது. ஏற்கெனவே உள்ளே ஒளிந்திருந்த ஒரு குறையை வெயில் வெளியே இழுத்துப் போடுகிறது, அவ்வளவே. அந்தக் குறை எது என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவிகளுக்கு முன்னால் ஒரு கேள்வி தேவை. அனுபவமுள்ள மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவார்: "எப்ப சார் ஹீட் ஆச்சு? ஓடும்போதா, நிக்கும்போதா?" நோயைக் கண்டறிவதில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, இன்ஜினுக்குள் எவ்வளவு வெப்பம் உண்டாகிறது, அது எந்த வழியாக வெளியேறுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் மணிக்கு 4 லிட்டர் எரிக்கிறது. கணக்குப் போட்டால் சுமார் 36 கிலோவாட். இதில் சக்கரத்தைச் சுற்றுவதற்குப் போய்ச் சேருவது நான்கில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதல். இன்னொரு பெரும்பங்கு சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. மிச்சத்தில் ஏறக்குறைய 12 கிலோவாட் வெப்பத்தைக் கூலன்ட் சுமந்து வெளியேற்ற வேண்டும். குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் கீசர்கள் ஆறு ஒரே நேரத்தில், நிறுத்தாமல், வெறும் ஐந்து லிட்டர் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இந்த வெப்பம் வெளியேறும் வழி முழுவதுமாக அடைபட்டால், இன்ஜின் உலோகம் வாங்கிக்கொள்ளும் பங்கையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட, முள் சிவப்புக் கோட்டைத் தொடச் சில நிமிடங்கள் போதும்.

சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரியைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். ஆனாலும் அலுமினியத்தால் செய்த சிலிண்டர் ஹெட் உருகாமல் இருக்கிறது. காரணம், எரிதல் விட்டுவிட்டுத்தான் நடக்கிறது. ஹெட்டின் உட்புற வழிகளில் ஓடும் கூலன்ட் வெப்பத்தைச் சேரவிடாமல் எடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கூலன்ட்டை வாட்டர் பம்ப் தள்ளுகிறது. சூடான கூலன்ட் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் கீழ் ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. நடுவில் வாயில்காவலாகத் தெர்மோஸ்டாட். அதற்குள் இருக்கும் மெழுகு, பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் உருகி விரிந்து வால்வைத் திறக்கும். மெழுகின் விரிவைப் பயன்படுத்தும் இந்த உத்தியை 1930களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கினார். மின்சாரமும் கணினியும் இல்லாமல் வேலை செய்யும் இந்தச் சிறு பொருள் இன்றும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது.

மோட்டார் காரின் தொடக்கமே தண்ணீர்ப் பிரச்சினையோடுதான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவரின் வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் போனார். அந்த வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதன் மூலமே இன்ஜின் குளிர்ந்தது. அதனால் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. 1900இன் இறுதியில் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த மெர்சிடிஸில்தான் ஆயிரக்கணக்கான சிறு குழாய்களைக் கொண்ட தேன்கூட்டு ரேடியேட்டர் வந்தது. குறைந்த தண்ணீர், நிறைய பரப்பு, பின்னால் ஒரு விசிறி: இன்றைய காரின் குளிரூட்டும் முறைக்கு அடிப்படை அதுதான். நம் ஊர் அம்பாசடர்களில் விசிறி இன்ஜினோடு பெல்ட்டால் கட்டப்பட்டிருந்தது. இன்றைய கார்களிலோ அது மின்விசிறி. தேவைப்படும்போது மட்டும் சுற்றும். நிற்கும்போது சூடேறும் வியாதிக்கு இந்த மாற்றத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

முதலில் அதையே எடுத்துக்கொள்வோம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரை சாலை காலியாக இருந்தது, முள் அசையவில்லை. கூட்டுரோட்டு நெரிசலில் பத்து நிமிடம் நின்றதும் ஏறத் தொடங்கியது. நெரிசல் விட்டு, கோட்டை மதிலைக் கடந்து திருவண்ணாமலைச் சாலையில் வேகம் பிடித்ததும் தானே இறங்கிவிட்டது. இப்படி ஒரு கார் நடந்துகொண்டால் சந்தேகம் விசிறியின்மேல்தான். மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டர் வழியாக வேண்டிய அளவு புகுந்துவிடும். விசிறி செத்திருந்தாலும் தெரியாது. நிற்கும்போதுதான் அது இல்லாதது தெரியும்.

சோதிப்பது எளிது. வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட, ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் விசிறி சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே. பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் விசிறி ரிலேயும் ஒரே வகைதான். மாற்றிச் சொருகிப் பார்த்தால் ரிலே கெட்டதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதுவும் சரியென்றால் மெக்கானிக் விசிறி மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக இணைப்புக் கொடுத்துப் பார்ப்பார். சுற்றினால் மோட்டார் நல்லது. குறை வயரிங்கிலோ வெப்பநிலை சென்சாரிலோ. சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. ஒரு எச்சரிக்கை: இன்ஜினை நிறுத்திய பிறகும் சில கார்களில் விசிறி திடீரென்று சுற்றத் தொடங்கும். கையையோ துப்பட்டாவையோ துண்டையோ அதன் அருகே கொண்டுபோகக் கூடாது.

இரண்டாவது வகை இதற்கு நேர் எதிர். ஊருக்குள் ஒழுங்காக இருக்கும் கார், நெடுஞ்சாலையில் நான்கைந்து பேரோடும் சாமான்களோடும் வேகமெடுத்தால் சூடேறுகிறது. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. அப்படியானால் வெப்பம் காற்றை வந்து சேரவில்லை என்று பொருள். கூலன்ட் போதிய அளவு ஓடவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது.

இந்த அடைப்பு இரண்டு பக்கமும் வரும். வெளிப்பக்க அடைப்பைச் செஞ்சி வட்டாரத்தில் ஓடும் வண்டிகளில் தாராளமாகப் பார்க்கலாம். சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டுத் தூற்றும் பகுதி இது. பதரும் தூசியும் பூச்சிகளும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள இடுக்கில் போய்ச் சேர்ந்து, மெத்தைபோல் படிந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். பின்னால் இருப்பது கண்ணில் படாது. டார்ச் அடித்து மேலிருந்து பார்க்க வேண்டும். தண்ணீரை அதிக அழுத்தத்தில் அடித்தால் அலுமினிய இதழ்கள் மடிந்துபோய் உள்ளதும் கெடும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மென்மையான தண்ணீர்ப் பாய்ச்சலில் கழுவ வேண்டும்.

உள்பக்க அடைப்பு இதைவிட மோசமானது. அதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். செஞ்சியைச் சுற்றி இருப்பது கடினப்பாறைப் பூமி. கோட்டை மலைகளான ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திராயன் துர்க்கமும் எந்தப் பாறையோ, அதே வகைப் பாறையின் வெடிப்புகளில் தங்கிய தண்ணீரைத்தான் இங்கே போர் போட்டு எடுக்கிறோம். அதில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. தண்ணீர் சூடேறும்போது கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, எங்கே சூடு அதிகமோ அங்கே ஒட்டிக்கொள்கிறது. வென்னீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுவேதான். இந்தப் படிவு அலுமினியத்தைவிட ஏறக்குறைய நூறு மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. ஒரு மில்லிமீட்டர் படிவு பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள அலுமினியச் சுவர் அளவுக்கு வெப்பத்தைத் தடுக்கும். இத்தனைக்கும் ரேடியேட்டர் குழாய்களின் உள் இடைவெளியே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அவசரத்துக்கு ஒருமுறை ஊற்றிய போர் தண்ணீரால் வண்டி கெட்டுவிடாது. வாரந்தோறும் ஊற்றினால் கெடும்.

"பனி விழாத ஊரில் கூலன்ட் எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் உறைநிலையைத் தாழ்த்துகிறது. அது நமக்கு வேண்டாம், சரி. அதே பொருள் கொதிநிலையை உயர்த்துகிறது. அது நமக்கு வேண்டும். அதைவிட முக்கியம், அதில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள். ரேடியேட்டரின் அலுமினியத்தையும் வாட்டர் பம்பின் இறக்கையையும் அரிக்காமல் காப்பவை அவை. அதற்காகத் தண்ணீர் சேர்க்காத வெறும் கூலன்ட்டை ஊற்றுவதும் தவறு. வெப்பத்தைச் சுமக்கும் திறன் தண்ணீருக்குத்தான் அதிகம். கலந்தே விற்கப்படுவதை அப்படியே ஊற்றலாம். அடர் கூலன்ட்டாக இருந்தால் காரின் கையேடு சொல்லும் விகிதத்தில், பொதுவாகச் சரிபாதி, டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் நஞ்சு. வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவோரம் ஊற்றினால் நாயும் ஆடும் நக்கிச் செத்துப்போகும். குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

ஓடும்போது சூடேறும் வண்டியில் ரேடியேட்டர் சரியாக இருந்தால், அடுத்தது தெர்மோஸ்டாட். இதன்மேல் நம் ஊர்ப் பட்டறைகளில் நடக்கும் ஒரு வழக்கத்தை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். வண்டி சூடானதென்று போனால், "இந்த வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார்" என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு, விசிறியையும் எப்போதும் சுற்றும்படி 'டைரக்ட்' கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு முள் ஏறாது. வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாகப் போய்விடுவார். ஆனால் இன்ஜின் தனக்கு உரிய வெப்பநிலையை எட்ட நேரமாகும், சில நேரம் எட்டவே எட்டாது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைக்கும் கணினி கூடுதலாகப் பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் சேரும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். குளிர வைக்கக் கழற்றியது, கடுமையான ஓட்டத்தில் சூடேற்றவே செய்யும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை எறிவதற்குப் பதிலாகச் சோதிக்கலாம். அதன் விளிம்பில் 82 என்றோ 88 என்றோ எண் பொறித்திருக்கும். ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடியைத் தொடாமல் பார்த்துக்கொண்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். பொறித்த எண்ணை ஒட்டி வால்வு நகரத் தொடங்கி, இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறுவதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போதும் இறுகி மூடியே இருந்தால் அது கெட்டது, புதிது போடுங்கள். அது திறக்கும் காட்சியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். திடப்பொருள் உருகும்போது விரிவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சாதனம் வீட்டில் கிடைப்பது அரிது. சோதித்த பாத்திரத்தைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள்.

மூன்றாவது வகை நிற்பதையோ ஓடுவதையோ பொறுத்ததல்ல. கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லை. அல்லது முள் ஏறி இறங்கி ஊசலாடுகிறது. ஹீட்டரைப் போட்டால் ஒரு சமயம் சூடான காற்று, ஒரு சமயம் குளிர்ந்த காற்று. கூலன்ட் மாற்றும்போது ஏர் லாக் ஆகியிருந்தாலும் இப்படி வரும். காற்றை முறையாக வெளியேற்றினால் சரியாகிவிடும். அப்படியும் அடங்கவில்லையென்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் நுரைத்திருந்தால் ஆயிலில் கூலன்ட் கலந்துவிட்டது. சைலன்சரில் இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது. உறுதிப்படுத்த ஒரு நல்ல வேதியியல் சோதனை இருக்கிறது. புரோமோதைமால் புளூ கலந்த நீல நிறத் திரவத்தின் வழியாக ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை உறிஞ்சவைக்கிறார்கள். சிலிண்டருக்குள் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு திரவத்தை அமிலமாக்கும், நீலம் மஞ்சளாகிவிடும்.

கேஸ்கட் ஏன் போகிறது? அலுமினியம் வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீள அலுமினிய ஹெட், வழக்கத்தைவிட 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. அடியிலிருக்கும் இரும்பு பிளாக் அதில் பாதிதான் நீள்கிறது. போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் ஹெட் வளைகிறது. பல சிறிய கார்களின் ஹெட்டில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர், நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதைத் தாண்டினால் லேத் பட்டறையில் கொடுத்து ஹெட்டை மட்டமாக்க வேண்டும். கேஸ்கட்டை மட்டும் மாற்றி, வளைவை அளக்காமல் பூட்டுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்து அளந்தீர்களா என்று மெக்கானிக்கிடம் தயங்காமல் கேளுங்கள்.

இதெல்லாம் பட்டறையில். சாலையில் முள் ஏறும் அந்த நேரத்தில் என்ன செய்வது? முதலில் ஏசியை அணையுங்கள். கண்டென்சர் தன் வெப்பத்தை ரேடியேட்டருக்கு முன்னால்தான் கொட்டிக்கொண்டிருக்கிறது. 95 டிகிரி கூலன்ட்டுக்கும் 40 டிகிரி காற்றுக்கும் இடைவெளி 55. கண்டென்சர் அந்தக் காற்றை 50 ஆக்கிவிட்டால் இடைவெளி 45 ஆகச் சுருங்கும். வெளியேறும் வெப்பமும் அதே விகிதத்தில் குறையும். அடுத்து, ஜன்னல்களை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். தமிழ்நாட்டில் பலர் ஹீட்டர் குமிழைத் தொட்டதே இல்லை. ஹீட்டருக்குள்ளும் ஒரு சிறிய ரேடியேட்டர் இருக்கிறது. இன்ஜின் வெப்பத்தில் ஒரு பங்கை அது உள்ளே இழுத்துவிடும். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் பிழைக்கும். முள் அப்படியும் சிவப்பைத் தொட்டால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள். பல புதிய கார்களில் முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான். இன்னொன்று: கூலன்ட் மொத்தமும் ஒழுகிப்போனால் சென்சார் வெறும் காற்றில் இருக்கும், முள் பொய்யாகக் கீழே காட்டும். ஏறிக்கொண்டிருந்த முள் சட்டென்று விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள், நிறுத்துங்கள்.

நிறுத்திய கையோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த மூடி வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சுமார் 0.9 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்துவைத்திருக்கிறது. அதனால்தான் 115 டிகிரியிலும் உள்ளே தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த மறுநொடி அழுத்தம் போய், 100 டிகிரிக்கு மேலிருந்த அத்தனை வெப்பமும் தண்ணீரை ஆவியாக்கப் பாயும். ஐந்து லிட்டரில் வெறும் மூன்று சதவீதம் ஆவியானாலும் 200 லிட்டருக்கு மேல் நீராவி; அது மீதியிருக்கும் கொதிநீரையும் தூக்கிக்கொண்டு முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறந்தாலும் ஆபத்து ஆபத்துதான். மேல் ஹோஸைத் தொட்டு அமுக்கும் அளவுக்கு ஆறும்வரை, அரை மணியோ ஒரு மணியோ, காத்திருங்கள். ஆறாத இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம்.

ஆறிய பிறகு அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டு பட்டறைக்குப் போகும்போது நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள்: நின்றபோதா ஓடியபோதா, ஏசி ஓடியதா, விசிறி சத்தம் கேட்டதா, கூலன்ட் எவ்வளவு குறைந்திருந்தது. வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும் கூலன்ட் நிற்கும் பிளாஸ்டிக் ஜாரில் அதன் அளவுக்கு ஒரு கோடு போட்டுவைத்து, ஒரு வாரத்துக்குத் தினமும் காலையில், இன்ஜினைக் கிளப்புவதற்கு முன், அதைப் பாருங்கள். அளவு இறங்கிக்கொண்டே வந்தால் கோளாறு இன்னும் உள்ளேயே இருக்கிறது. வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வண்டியைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.